நெல்லின் தாய்வழியும் விதைச் சீட்டும்

கதிர் வாங்கிய நெற்பயிர் தலை சாயாமல் நிமிர்ந்தே நிற்பதைக் கண்டு மனம் கலங்காத குடியானவர் எவரும் இரார். சாயாத கதிரில் மணியில்லை. உமியை நெரித்துப் பார்த்தால் உள்ளே காற்றுத்தான் இருக்கும். பதர் மிகுவதற்குக் காரணங்கள் பல. பூக்கும் சமயத்தில் கண்மாய் வற்றிப் போவது ஒன்று. அச்சமயத்தில் அடைமழை பிடித்து மகரந்தம் கழுவுண்டு போவது மற்றொன்று. கதிர் நாவாய்ப் பூச்சி பால் மணியை உறிஞ்சிவிடுவது வேறொன்று. இவையெல்லாம் புறத்தே நின்று பயிரைத் தாக்குவன. புறக் காரணம் ஒன்றும் இல்லாமலே, விதையின் உள்ளிருந்து எழும் பதரும் உண்டு. அது தாயின் வழியாகவே வருவது. அந்தப் பதரையே கருவியாகக் கொண்டுதான் இன்று கடைகளில் விற்கப்படும் வீரிய ஒட்டு நெல் விதையின் பெரும்பகுதி உண்டாக்கப்படுகிறது. விதை வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டியதும், விதைச் சீட்டு அவருக்குச் சொல்லாததும் ஆகிய விஷயம் இது.

காரைக்குடிக்கும் சிவகங்கைக்கும் இடையே, இருப்புப் பாதையை ஒட்டி அமைந்துள்ள கல்லல் வட்டாரம் பெரும்பாலும் கண்மாய்களை நம்பிப் பிழைப்பது. செம்மண்ணும் செம்புறை மண்ணும் கலந்த அப்பூமியில் வடகிழக்குப் பருவமழையே பயிரின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு, ஐப்பசி மழையில் கண்மாய் பெருகும் என்று காத்திருப்பது இச்சீமையின் வழக்கம். ஆண்டுக்கு ஒரே நெற்பயிர்தான் என்கிற இடத்தில் விதை பிசகினால், அடுத்த மழைக்காலம் வரையில் அதற்குப் பரிகாரம் இல்லை. விதையைப் பற்றிய அறிவு, உரத்தையும் மருந்தையும் பற்றிய அறிவைக் காட்டிலும் இங்கே விலை மிக்கது.

கிணற்றுப் பாசனமுள்ள ஒருவர் ஒட்டு நெல் விதை வாங்கி நட்டு, நல்ல மகசூல் கண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். விதையின் விலை அவருக்குப் பாரமாகத் தோன்றுகிறது. ஆகையால் விளைந்த நெல்லிலேயே நல்ல கதிர்களாகப் பொறுக்கி, உலர்த்தி, கோட்டை கட்டி வைத்து, மறு ஆண்டு அதையே விதைக்கிறார். பாட்டன் காலம் முதல் செய்துவந்த முறைதான் அது. அதில் அவர் பேரில் குற்றமில்லை. ஆயினும் அந்த ஆண்டு வயலில் ஒரு பயிர் நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும் நிற்கும். ஒன்று முந்திப் பழுக்கும், ஒன்று பிந்தும். இடையிடையே சில பயிர்கள் கதிர் முழுவதும் பதராய் நிற்கும். அவர் மண்ணை நோவார், மழையை நோவார், கிரகத்தையும் நோவார். காரணமோ விதையின் தாய்வழியில் இருக்கிறது.

நெற்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே உள்ளன. ஆறு மகரந்தப் பைகள் சூலகத்தைச் சூழ்ந்து நின்று, தன் மகரந்தத்தாலேயே தன் மணியைப் பிடிக்கச் செய்கின்றன. இரண்டு ரகங்களை ஒட்டவேண்டுமானால், தாயாக நிற்கும் பயிரின் மகரந்தப் பைகளை நீக்கவேண்டும். ஆராய்ச்சிப் பண்ணையில் சில பூக்களுக்கு இதைக் கையால் செய்யலாம். ஏக்கர் கணக்கான விதைக்குச் செய்ய இயலாது. ஆகையால் மகரந்தம் தானாகவே கெட்டுப்போகிற, ஆனால் சூலகம் கெடாத ஒரு தாய்ப்பயிர் தேவைப்பட்டது. ஆண்மலட்டுத் தாய் என்பது அதுவே. அதன் அருகே தந்தைப் பயிரை வரிசையாக நட்டு, பூக்கும் நாட்களில் கயிற்றை இழுத்து மகரந்தத்தைப் பறக்கவிட்டால், தாயின் கதிரில் பிடிக்கும் மணியெல்லாம் ஒட்டு விதையாகும்.

அப்படிப்பட்ட தாய் கிடைத்த வரலாறு இந்திய விவசாயிகள் அறியத்தக்கது. வங்காளத்துச் சின்சுராவின் பெயரைத் தாங்கிய சின்சுரா போரோ 2 என்னும் நெல்லைத் தாயாக வைத்து, தைச்சுங் 65 என்னும் நெல்லோடு ஒட்டி, ஜப்பானிய அறிஞர் சின்ஜ்யோ 1966இல் ஆண்மலட்டு நெல்லை வெளிப்படுத்தினார். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில், யுவான் லாங்பிங் என்னும் அறிஞரின் துணைவரான லீ பிஹு, காட்டு நெற்கூட்டத்தின் நடுவே மகரந்தம் கெட்ட ஒரு பயிரைக் கண்டெடுத்தார். அதன் சந்ததியைத் தாயாகக் கொண்டு 1976 முதல் சீனாவில் ஒட்டு நெல் பெருமளவில் சாகுபடிக்கு வந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994இல் கோ.ஆர்.எச். 1 என்னும் ஒட்டு நெல்லை வெளியிட்டது, பின்னர் கோ.ஆர்.எச். 2, 3, 4 ஆகியவையும் வந்தன. இந்தியாவில் இன்று பயிராகும் ஒட்டு நெற்களில் மிகப் பெரும்பான்மையானவற்றின் தாய்வழி, ஹைனானில் கண்டெடுத்த அந்த ஒரே காட்டு நெல்லின் வழியேயாகும். பைகளின் மேல் அச்சிட்ட பெயர்கள் பலவாயினும் தாய் பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்த மலட்டுத்தன்மை எங்கே தங்கியிருக்கிறது என்பதையும் விளக்க வேண்டும். பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும், குணங்களை எழுதி வைத்த டி.என்.ஏ. என்னும் மூலப் பத்திரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி உயிரணுவின் நடுவேயுள்ள உட்கருவில் உள்ளது. தாயும் தந்தையும் அதற்குச் சரிபாதி தருகின்றனர். உட்கருவுக்கு வெளியே, உயிரணுவுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புக்கள் உள்ளன. அவற்றுக்குத் தனியே ஒரு சிறு பத்திரம் உண்டு. நெல்லில் அது தாயின் சூலணு வழியாகவே பிள்ளைக்குச் சேர்கிறது. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

மூலப் பத்திரத்தை வெளியே எடுத்துச் செல்வதில்லை. வேண்டிய பகுதிக்கு நகல் எடுத்தே காரியம் நடைபெறுகிறது. அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். டி.என்.ஏ. இரட்டை இழை, ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. ஒற்றை இழையாகையால், தன்னில் ஒத்த எழுத்துக்கள் எதிர்ப்படும் இடத்தில் அது தன்மேல் தானே மடிந்து, வளையமாகவும் கொண்டையாகவும் உருவெடுக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் இந்த மடிப்பு வீண் சிக்கலன்று. வேலையே அதைக் கொண்டுதான் நடைபெறுகிறது. மனிதனுடைய மைட்டோகாண்ட்ரியாப் பத்திரம் 16,569 எழுத்துக்களே கொண்டது. அது நீண்ட ஒரே நகலாக எடுக்கப்படுகிறது. செய்திகளுக்கு இடையிடையே உள்ள சிறு ஆர்.என்.ஏ.க்கள் இலை வடிவாக மடிந்து நிற்க, அந்த மடிப்பைக் கண்டு நொதிகள் நகலைத் துண்டாக்குகின்றன. இது 1981இல் தெளிவாயிற்று.

நெல்லின் பத்திரமோ ஏறக்குறைய 4,90,000 எழுத்துக்கள் கொண்டது. அதன் ஒழுங்கும் விசித்திரமானது. சில செய்திகளின் துண்டுகள் பத்திரத்தில் தூரதூரமாகச் சிதறிக் கிடக்கின்றன. அவை தனித்தனியே நகலெடுக்கப்பட்டு, அந்நகல்கள் ஒன்றையொன்று தேடிப் பிணைந்து மடிந்த பிறகே ஒரே செய்தியாக ஒட்டப்படுகின்றன. அதுவுமன்றி, எடுத்த நகலில் எழுத்துத் திருத்தமும் நடைபெறுகிறது. நெல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் அவ்வாறு திருத்தப்படும் இடங்கள் 491 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நகலின் கடைக்கோடியிலுள்ள கொண்டை மடிப்புக்கள், அந்நகல் சீக்கிரம் அரிபட்டுப் போகாமல் காப்பதும் உண்டு. சுருங்கச் சொன்னால், மைட்டோகாண்ட்ரியாவில் எது நகலெடுக்கப்படுகிறது என்பதைவிட, எடுத்த நகல் பின்னர் எவ்வாறு வெட்டப்பட்டு, மடிக்கப்பட்டு, திருத்தப்படுகிறது என்பதே பெரிது.

இத்தகைய பத்திரத்தில் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வது எளிது. பழைய பத்திரங்களின் கிழிசல்களை ஒட்டிப் புதிதாக ஒரு கள்ளப் பத்திரம் உண்டாவதைப் போல, வெவ்வேறு செய்திகளின் துண்டுகள் சேர்ந்து ஒரு புதிய செய்தி உண்டாகிவிடுகிறது. சின்சுரா போரோ நெல்லின் வழியில் அவ்வாறு உண்டான ஒன்று, சக்தி உற்பத்திக்கு இன்றியமையாத ஏ.டி.பி. 6 என்னும் நல்ல செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே நீண்ட நகலாக எடுக்கப்படுகின்றன. வாலிலுள்ள செய்தி ஒரு நச்சுப் புரதத்தை உண்டாக்கி மகரந்தத்தைக் கெடுக்கிறது. இலைக்கும் தண்டுக்கும் வெளிப்படையான தீங்கில்லை. பயிர் செழிப்பாகவே தோன்றும். ஹைனான் வழியிலுள்ள கள்ளச் செய்தி வேறு. அதை 2013இல் குவாங்சௌ நகரத்து அறிஞர்கள் கண்டு வெளியிட்டார்கள். அதன் புரதம், மகரந்தத்துக்கு உணவூட்டும் உட்சுவர் அணுக்களை அகாலத்தில் மடியச் செய்கிறது. உணவின்றி மகரந்தமும் அழிகிறது.

மலட்டுத் தாயின் பிள்ளையும் மலடாயின் குடியானவருக்குப் பயனில்லை. ஆகையால் தந்தைப் பயிரின் உட்கருவில் வளம் மீட்கும் மரபுக்கூறு ஒன்று இருக்கவேண்டும். அது உண்டாக்கும் புரதம், நகலின் எழுத்துக்களை வரிசையாகப் படித்து உரிய இடத்தில் பற்றிக்கொள்கிறது. போரோ வழியில், மீட்கும் புரதங்களுள் ஒன்று நீண்ட நகலை நடுவே வெட்டி, நல்ல செய்தியை விடுத்து வாலைப் பயனற்றதாக்குகிறது. மற்றொன்று அந்நகலையே அழித்துவிடுகிறது. இது 2006இல் வெளியான ஆராய்ச்சி. ஹைனான் வழியிலும் மீட்புக் கூறுகளுள் ஒன்று கள்ளச் செய்தியின் நகலைக் குறைக்கிறது. இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: மூலப் பத்திரத்திலுள்ள கள்ளத்தை எவரும் அழிக்கவில்லை, நகல்தான் கிழிக்கப்படுகிறது. ஒட்டு நெல்லின் ஒவ்வொரு மணியிலும் தாயின் கள்ளப் பத்திரம் அப்படியே இருக்கிறது.

விளைந்த ஒட்டு நெல்லையே விதைத்தவரின் வயலில் நேர்ந்தது இப்பொழுது விளங்கும். அவர் எடுத்த விதை முழுவதிலும் தாய்வழி மலட்டுத்தன்மை உண்டு. மீட்கும் கூறோ தந்தையின் வழியாகப் பாதியே வந்தது. ஆகவே அடுத்த தலைமுறையில் சில பயிர்களுக்கு அது கிட்டாமல் போகிறது. கிட்டாத பயிர் பதராகிறது. ஒட்டு விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்கவேண்டும் என்பது வியாபாரிகள் கட்டிய கதையன்று. பயிரின் உள்ளமைப்பே அப்படி. அதனை விதை விற்கும்பொழுதே தெளிவாக எடுத்துச் சொல்லாதிருப்பதுதான் குறை.

இதனினும் பெரிய கவலை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மக்காச்சோள ஒட்டு விதை உண்டாக்குவதற்கு, டெக்ஸாஸ் வழி என்னும் ஒரே ஆண்மலட்டுத் தாயை வெகுவாகக் கையாண்டார்கள். ஆண்பூவை ஆள் வைத்துக் கிள்ளும் செலவு மிச்சமாயிற்று. 1970இல் அந்நாட்டு ஒட்டு மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 85 பங்கு வரையில் அந்தத் தாய்வழியினதாக இருந்தது. அவ்வாண்டு இலைக்கருகல் பூசணத்தின் ஒரு புதிய இனம் பரவி, நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய நூற்றுக்கு 15 பங்கை அழித்தது. காரணத்தை ஆராய்ந்தபொழுது வெளிப்பட்டது வியப்பானது. மகரந்தத்தைக் கெடுத்த அதே கள்ளப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் குடியிருந்தது. பூசணம் உமிழ்ந்த நஞ்சு அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளை திறந்தது. மீட்கும் கூறு கள்ளப் புரதத்தைக் குறைத்ததேயன்றி அடியோடு ஒழிக்கவில்லை. ஆதலால் வளம் மீண்ட பயிரும் நோய்க்குத் தப்பவில்லை. அத்தாய்வழி இவ்வகை நோய்க்கு எளிதில் ஆட்படுகிறது என்னும் செய்தி 1961இலேயே பிலிப்பைன் தீவுகளிலிருந்து வெளிவந்திருந்தது. கேட்பார் இல்லை.

இந்தியாவில் கம்புப் பயிரின் வரலாற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் டிப்டன் நகரத்திலிருந்து வந்த ஒரு மலட்டுத் தாயைக் கொண்டு லூதியானாவில் உண்டாக்கிய எச்.பி. 1 என்னும் ஒட்டுக் கம்பு 1965இல் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து வந்த ஒட்டுக்களும் அதே தாயின் பிள்ளைகள். 1970க்குப் பின் அடிச்சாம்பல் நோய் அவற்றைக் கொள்ளை கொண்டது. ஆனால் இங்கே குற்றம் மைட்டோகாண்ட்ரியாவினுடையதன்று என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டின. அத்தாயின் உட்கருவிலிருந்த நோய் தாங்காமையே காரணம். நீதி மட்டும் மாறவில்லை. பரந்த நாட்டை ஒரே தாயின் பிள்ளைகளால் நிரப்பினால், அந்தத் தாயிடம் எந்த மூலையில் குறையிருந்தாலும் அது நாட்டின் குறையாகிவிடுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. ஹைனான் தாய்வழி ஏறக்குறைய அரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் பல லட்சம் ஏக்கரில் பயிராகி வருகிறது. மக்காச்சோளத்துக்கு நேர்ந்ததைப் போன்ற கேடு அதற்கு நேரவில்லை. ஒட்டு நெல்லினால் மகசூல் கூடுவதும் உண்மை. ஆகையால் ஒட்டு நெல்லை விலக்கவேண்டும் என்று சொல்வது பேதைமை. ஆயினும் இதுவரை திருடன் வராத வீடு என்பதற்காகக் கதவுக்குத் தாழ் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. டெக்ஸாஸ் வழியும் பல ஆண்டுகள் குறையின்றியே விளைந்தது. பூசணம் ஒரு புதிய இனத்தை ஈன்ற அன்றுதான் குறை தெரிந்தது.

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, விதைச் சீட்டில் தாய்வழியின் பெயரை அச்சிட வேண்டும். சீட்டில் ரகத்தின் பெயர், முளைப்புத் திறன், இனத் தூய்மை, குவியல் எண் முதலியன காணப்படுகின்றன. தாய் இன்னதென்பது காணப்படுவதில்லை. இத்தகைய பெயர்கள் குடியானவருக்கு விளங்கா என்று சிலர் சொல்லக்கூடும். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் தாய்ப்பசுவின் கறவையை விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆடு வாங்குகிறவரும் அப்படியே. விதையின் தாயைச் சொன்னால் மட்டும் அவருக்கு விளங்காதா? தாய்வழியின் பெயரும், விளைந்த நெல்லை மறுபடி விதைக்கக் கூடாது என்னும் எச்சரிக்கையும் தெளிவான தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருப்பது அவசியம்.

இரண்டாவது, ஒரே கண்மாயின் ஆயக்கட்டு முழுவதையும் ஒரே தாய்வழியால் நிரப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஆராய்ச்சி நிலையங்கள் வேறு தாய்வழிகளையும் பழக்கத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். குளிர்ந்த காலத்தில் வளமாகவும் வெப்பக் காலத்தில் மலடாகவும் மாறும் தாய்ப்பயிர்களும் உண்டு. அம்மலட்டுத்தன்மை உட்கருவைச் சார்ந்ததேயன்றி மைட்டோகாண்ட்ரியாவைச் சார்ந்ததன்று. அவ்வழியில் கோயம்புத்தூரிலும் ஆராய்ச்சி நடைபெற்றிருக்கிறது. அதனை ஊக்கத்தோடு தொடர்வது தகும்.

மூன்றாவது, நாட்டு விதைகளைக் காக்கவேண்டும். குழியடிச்சான், நொறுங்கன், சித்திரைக்கார் முதலிய வறட்சி தாங்கும் நெற்கள் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் வழிவழியாக வந்தவை. அவற்றை அரிசிக்காகவும் வைக்கோலுக்காகவும் மட்டும் மதிப்பது போதாது. ஒவ்வொரு நாட்டு நெல்லும் தனித்த ஒரு தாய்வழியின் பொக்கிஷமாக இருக்கக்கூடும். வங்காளத்துப் போரோ நெல் ஒன்று உலகத்துக்கு ஒரு தாயைத் தந்தது. களையென்று ஒதுக்கப்படும் காட்டு நெல் மற்றொரு தாயைத் தந்தது. செட்டிநாட்டிலுள்ள வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கல்லலுக்கு அண்மையிலேயே இருக்கிறது. அவ்வட்டாரத்து நாட்டு விதைகளைத் திரட்டி, அவற்றின் தாய்வழிகளைப் பரிசோதித்துக் குறித்து வைப்பது அத்தகைய நிலையங்களுக்கு ஏற்ற பணி.

கல்லல் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் யோசனை ஒன்றும் இதிலிருந்து பெறப்படுகிறது. ஒட்டு நெல்லுக்கு நடவு முறையில் எக்டேருக்கு 20 கிலோ விதை போதும் என்று சிபாரிசு செய்யப்படுகிறது. புழுதி விதைப்புக்கோ 75 கிலோ அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். விலை மிகுந்த விதையைப் புழுதியில் இறைத்து மழையை எதிர்பார்ப்பது கைம்முதலைச் சூதில் வைப்பதற்கு ஒப்பாகும். ஆகையால் கிணற்று நீர் நிச்சயமாயுள்ள நிலத்தில் மட்டும் ஒட்டு நெல்லை நட்டு, மானாவாரியிலும் கண்மாய்க் கடைமடையிலும் சொந்தமாக விதை எடுக்கத்தக்க ரகங்களை விதைப்பதே தக்கது. பரமக்குடி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா 4 அத்தகைய நிலங்களுக்கென்றே தேர்ந்தது. வீட்டில் ஒரு கோட்டை நாட்டு விதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருமாயின் அது வீண் போகாது.

ஒட்டு நெல்லைக் குடியானவரிடம் சேர்த்தவர்கள் அதன் மகசூலை எடுத்துச் சொன்னார்கள், அது தகும். அதன் தாயை எடுத்துச் சொல்வதும் அவர்கள் கடமையே. கதிர் நிமிர்ந்து நின்ற பிறகு காரணம் சொல்வதைவிட, விதைப்பை அவிழ்க்கும் முன்பே சீட்டில் சொல்லிவிடுவது இலாகாவுக்கும் கௌரவம், குடியானவருக்கும் க்ஷேமம்.